அத்தான் கடைச் சதுரக்கரி

எங்கள் அத்தான் அய்யாதுரைக்குப் புகை என்றாலே ஆகாது. பக்கத்தில் எவனாவது சிகரெட் பற்றவைத்தால் போதும், சண்டைக்குப் போய்விடுவார். பஸ் ஸ்டாண்டில் போவார், டீக்கடையில் போவார். என் நிச்சயதார்த்தத்தன்று மண்டப வாசலில் பெண்ணுக்குத் தாய்மாமனையே பிடித்துக்கொண்டார். "வாயிலயா வைக்கிய, கொள்ளி?" என்று கேட்டுவிட்டார். அந்த மனுஷன் இன்றுவரை எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் என்ன பாவம் செய்தேன் சொல்லுங்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அப்பா பீடி குடித்துக் குடித்து நெஞ்சு அரித்துச் செத்தவர். அப்போது அத்தான் சைதாப்பேட்டையில் பெட்டிக்கடை வைத்திருந்தார். கடையில் ஓடியதே பீடியும் சிகரெட்டும்தான். ஊரில் காரியம் முடித்துத் திரும்பியவர், இருந்த சரக்கையெல்லாம் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு போய் அடையாற்றில் கொட்டினார். இனிமேல் தன் கையால் புகை விற்பதில்லை, தன் வீட்டில் ஒருத்தனும் புகை குடிக்கக்கூடாது என்று சபதம். அதற்கப்புறம்தான் மயிலாப்பூரில் மாடவீதியை ஒட்டிய சந்தில் பூஜைப் பொருள் கடை போட்டார். குங்குமம், திரி, கற்பூரம், பன்னீர், சாம்பிராணி. சாம்பிராணியும் புகைதானே அத்தான் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அவருக்கும் என் அக்கா இசக்கியம்மாளுக்கும் ஒரே பிள்ளை, வெங்கடேஷ். பிளஸ் டூ படிக்கிறான், அடையாறில். கலெக்டர் ஆக வேண்டும், டாக்டர் ஆக வேண்டும் என்றெல்லாம் அத்தானுக்கு ஆசை கிடையாது. இவன் புகையைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். அதற்கு ஒரு ஏற்பாடும் செய்திருந்தார். சாயந்தரம் பையன் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுமுன் அத்தான் முன்னால் போய் நிற்க வேண்டும்.

"ஊதுல."

அவன் ஊதுவான். டிராபிக் போலீஸ்காரர் தோற்றார். அத்தான் கண்ணை மூடி முகர்ந்து பார்த்துவிட்டு, "சரி, போ. காப்பி குடி" என்பார். பையன் அலுத்துக்கொள்ளாமல் ஊதினான் என்பதில்தான் அவருக்குப் பெருமை. எந்த வீட்டில் பதினேழு வயசுப் பயல் இப்படிச் சொன்னபடி ஊதுகிறான் என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

போன வருஷம் மழைக்காலத்துக்குப் பிறகு அந்த ஊதலில் வாசனை வர ஆரம்பித்தது. ஒருநாள் ஆப்பிள். இன்னொரு நாள் புதினா. ஒருநாள் பீடா வாசனை வந்து, "ஏல, யாரு கல்யாணத்துக்குப் போன?" என்று அக்கா கேட்டாள். ஃப்ரெண்டோட அக்காவுக்கு வளைகாப்பு என்றான். அத்தானுக்கோ வாயெல்லாம் பல்.

"பழமாத் தின்னுதான் மாப்ள. நாமெல்லாம் அந்த வயசுல ஆப்பிளைக் காலண்டர்லதான பாத்தோம்?"

சந்தோஷத்தில் வீட்டிலும் ஆப்பிள் வாங்கிப் போட ஆரம்பித்தார். அந்தப் பயல் அதைத் தொடவில்லை. ஃப்ரிட்ஜில் கிடந்து சுருங்கி, கடைசியில் அக்காதான் முகம் சுளித்துக்கொண்டே தின்று தீர்த்தாள்.

இந்த நேரத்தில்தான் கடையில் சதுரக்கரி சக்கைப்போடு போட்டது. தேங்காய் ஓட்டைச் சுட்டுப் பொடித்து, அச்சில் அழுத்தி, சின்னச் சின்னக் கட்டியாகச் செய்த கரி அது. சாம்பிராணி போடுகிறவர்களுக்காக அத்தான் வரவழைத்திருந்தார். சாதாரண அடுப்புக்கரி பொறி தெறிக்கும், கண்ணைக் கரிக்கும். இது பற்றிக்கொண்டால் கணகணவென்று வெகுநேரம் நிற்கும். அட்டைப்பெட்டி மேல் அம்மன் படம், கீழே கடைப் பெயர், அத்தானின் செல் நம்பர், 'புகை வராது, வாடை வராது' என்று சிவப்பு எழுத்து. வாசகம் அத்தானே யோசித்துப் போட்டது.

வாங்க வந்ததெல்லாம் பிள்ளைகள். முழங்கால் கிழிந்த பேண்ட், தோளில் பள்ளிக்கூடப் பை, கையில் போன். பெண் பிள்ளைகளும் வந்தார்கள். "அண்ணாச்சி, அந்த ஸ்கொயர் சார்க்கோல் ரெண்டு பாக்ஸ்" என்பார்கள். கரி, கரியை எடுக்க இடுக்கி, அலுமினியத் தாள். சில பேர் பன்னீரும் வாங்கினார்கள். அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் உலகமெல்லாம் இளைய தலைமுறை கெட்டுப்போய்விட்டது என்று புலம்பும்போது, மயிலாப்பூர்ப் பிள்ளைகள் வீட்டில் சாம்பிராணி போடுகிறார்கள்! மாணவர்களுக்குத் தள்ளுபடி என்று பலகை எழுதி மாட்டினார். கரி வாங்கினால் விபூதிப் பொட்டலம் இலவசம்.

ஒரு வெள்ளிக்கிழமை வாடிக்கைக்கார மாமி ஒருத்தர் வந்து கரி இல்லையென்று கேட்டுத் திகைத்து நின்றார்.

"என்ன அய்யாதுரை இது, கார்த்தாலயே தீந்துடுத்தா? ஆத்துல நான் எப்படி சாம்பிராணி போடறது?"

"பசங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க மாமி. இப்பல்லாம் அவங்கதான் முழுக்க."

"கொழந்தைகளா? அடேயப்பா! எங்காத்துப் பேரனும் இருக்கானே, எழுந்து வெளக்கேத்துன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுண்டு போறான்." மாமி பெருமூச்சு விட்டபடி வெறும் கையோடு போனார்.

கடையில் வேலை பார்க்கும் சொர்ணத்துக்கு மட்டும் ஏதோ இடித்தது. பெரும்பாக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறவள், மனசில் பட்டதைப் பட்டென்று கேட்பாள்.

"அண்ணாச்சி, இந்தப் பசங்கோ இன்னா, சாமிக்கு மின்ட் ஃப்ளேவர் கீதான்னு கேக்குதுங்கோ? எந்த சாமிக்குப் புதினா போடுவாங்கோ?"

"துளசி எப்படி மூலிகையோ, புதினாவும் மூலிகைதான. நீ சும்மா இரு சொர்ணம், வியாபார நேரத்துல."

"நா சும்மாத்தான் கீறேன். நீங்கோ கேட்டு வெச்சுக்கோங்கோ" என்று அவள் திரி கட்டப் போய்விட்டாள்.

இதெல்லாம் கடைத்தெருவுக்குப் பரவி, சங்கத்துக்கும் எட்டியது. பூஜைப் பொருள் வியாபாரிகளின் சங்கம் அது. ஆண்டு விழாவில் அத்தானை மேடையேற்றி, இளைஞர்களை ஆன்மிகத்தின் பக்கம் திருப்பிய வியாபாரச் செம்மல் என்று பொன்னாடை போர்த்தினார்கள். அத்தான் மைக்கைப் பிடித்தார். "புகை ரெண்டு வகை. ஒண்ணு மனுஷனைக் கொல்லும், ஒண்ணு சாமிகிட்ட சேக்கும். நம்ம பிள்ளைங்க ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்துட்டாங்க" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நானும் தட்டினேன். வேறென்ன செய்ய, முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

எனக்குத் தி.நகரில் நைட்டிக் கடை. கடைக்கு மேலே மாடியில் ஒரு டியூஷன் சென்டர். படிப்பு நேரத்தில் பாதி நேரம் அந்தப் பிள்ளைகள் என் கடை மாடிப்படியில்தான் உட்கார்ந்திருக்கும். பேசுவது முழுக்க என் காதில் விழும். "மச்சி, சனிக்கிழமை யாரு வீட்ல?" "பிரபு வீட்ல. அவங்க அப்பா அம்மா ஊர்ல இல்ல." "டபுள் ஆப்பிளா, மின்ட்டா?" ஜூஸ் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். ஒருநாள் ஒரு பெண் தன் போனில் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக் குடுவை, அதில் தண்ணீர், மேலே ஒரு கிண்ணத்தில் பழவாசனை போட்ட புகையிலைக் களிம்பு, அதன்மேல் அலுமினியத் தாள், தாளின் மேல் கணகணவென்று நம் அத்தான் கடைச் சதுரக்கரி. பக்கவாட்டில் நீளமாகக் குழாய். சுற்றி உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் இழுக்கிறார்கள். ஹூக்கா.

ஹூக்கா பார்களை அரசாங்கம் மூடியாகிவிட்டது. மூடினால்? பார் வீட்டுக்கு வந்துவிட்டது. போனில் ஒரு மெசேஜ் அனுப்பினால் குடுவையும் குழாயும் பைக்கில் வந்து இறங்கும். மறுநாள் வந்து எடுத்துப்போவார்கள். கல்யாணத்துக்கு அண்டா வாடகைக்கு எடுக்கிறோமே, அதே கதைதான். பிறந்தநாளா ஹூக்கா, பரீட்சை முடிந்ததா ஹூக்கா, பரீட்சை தள்ளிப்போனதா அதற்கும் ஹூக்கா. அத்தனை பேரும் அவரவர் வீட்டில் சிகரெட் வாடையே அறியாத உத்தமப் பிள்ளைகள்.

அன்றைக்கே மயிலாப்பூருக்கு ஓடினேன். கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, பக்குவமாக ஆரம்பித்தேன்.

"அத்தான், கரி வாங்குற பிள்ளைங்க யாராவது சாம்பிராணி வாங்குதாங்களா?"

"வீட்ல இருக்கும்."

"ஒருத்தன்கூடவா வாங்க மாட்டான்? அத்தான், அது சாமிக்கு இல்ல. ஹூக்கான்னு ஒண்ணு." படத்தில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். ஆப்பிள், புதினா வாசனையையும் சொன்னேன். அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. ஒரு நொடி புரிந்துகொண்டார் என்றே நினைத்தேன்.

"உனக்கு வயித்தெரிச்சல்" என்றார். "எனக்குப் பொன்னாடை போத்துனதுலேருந்து நீ ஒரு மாதிரியாத்தான் இருக்க. நைட்டி விக்கிறவனுக்குப் பக்தியப் பத்தி என்ன தெரியும்? என் பிள்ளையைத் தினம் நான் முகர்ந்து பாக்கேன். நீ பாத்தியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு, அங்கேயே கற்பூரத் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். அக்கா முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அக்காவுக்கும் போன் செய்தேன். "பிள்ளை மேல பழி போடாதல தம்பி" என்று அவள் அழுதாள். சரி, எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று போனை வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெங்கடேஷ் கடைக்கு வந்தான். தானாகக் கடைப் பக்கம் எட்டிப் பார்க்காத பயல். அவனுடன் படிக்கும் செம்பியன் வீட்டில் வேளச்சேரியில் புது ஃபிளாட் வாங்கியிருக்கிறார்களாம், சாம்பிராணி போட வேண்டுமாம், ஒரு பெட்டி கரி வேண்டுமாம். அத்தான் பூரித்துப்போனார். நல்ல பெட்டியாகப் பார்த்துத் தன் கையால் எடுத்து, சாம்பிராணியும் தூபக்காலும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். பையன் படியிறங்கியதும் பின்னாலேயே போய்ப் புத்தியும் சொன்னார்.

"கதவு சன்னலெல்லாம் நல்லாச் சாத்திட்டுப் போடுங்கல. அப்பத்தான் வீடு பூரா நிக்கும்."

சாயந்தரம் ஐந்து மணி வாக்கில் எனக்குப் போன் வந்தது. அத்தான் குரல் என்று முதலில் தெரியவே இல்லை. "மாப்ள, ஓடி வா. வெங்கடேசு மூச்சுப் பேச்சில்லாம கெடக்கானாம்."

வேளச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நானும் அத்தானும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது, வெங்கடேஷ், செம்பியன், இன்னும் ரெண்டு பிள்ளைகள், அத்தனை பேருக்கும் ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டியிருந்தார்கள். நடந்தது இதுதான். செம்பியனின் அப்பா மதிவாணனும் அம்மா ஷண்முகப்ரியாவும் நந்தனத்தில் ஒரு ரிசப்ஷனுக்குப் போயிருந்தார்கள். பிள்ளைகள் ஒரு அறைக்குள் ஏசியைப் போட்டு, கதவு சன்னலை இறுக்கி மூடி, ஹூக்காவைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் சமைக்கிற பொன்மணி அம்மா டீ வேண்டுமா என்று கேட்கக் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தார்களாம். சன்னலைத் திறந்துவிட்டு, வாட்ச்மேனைக் கூப்பிட்டு, ஆம்புலன்சையும் அந்த அம்மாதான் வரவழைத்தது. அந்தம்மாள் காலில் விழவேண்டும் நாங்கள் எல்லோரும்.

"பிழைச்சுட்டாங்க, பயப்படாதீங்க" என்றார் தபஸ்ஸும் என்ற இளம் டாக்டர். "மூடின ரூம்ல கரி எரிஞ்சிருக்கு. அதுலேருந்து கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு வரும். அது கண்ணுக்குத் தெரியாது, வாடையும் வராது. ஆளை அப்படியே தூங்க வச்சிடும். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா, நான் இப்படி நின்னு பேசிட்டிருக்க மாட்டேன்."

அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவரே யோசித்துப் பெட்டியில் போட்ட சிவப்பு எழுத்துதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

மதிவாணன் தொண்டையைக் கனைத்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையாம். "டாக்டர், ரெக்கார்ட்ல ஸ்மோக்கிங்னு எழுதிடாதீங்க. எங்க பையன் ஸ்மோக் பண்ண மாட்டான். இது ஹெர்பல்."

"பாக்கெட்லயே நிக்கோடின் ஃப்ரீன்னு போட்டிருக்கு டாக்டர்" என்றார் ஷண்முகப்ரியா. "அதுவும் தண்ணி வழியாத்தான வருது. ஃபில்டர் ஆயிடும்ல?"

"உங்க வீட்டு வாட்டர் ஃபில்டர் இல்லங்க அது" என்றார் டாக்டர். "தண்ணியில புகை ஆறும். சுத்தமாகாது. ஒரு மணி நேரம் உக்காந்து இழுத்தா, சிகரெட்டைப் பாக்கெட் பாக்கெட்டா ஊதின அளவுக்குப் புகை உள்ள போகும். ஹெர்பலா இருந்தாலும் கரி கரிதானே?"

டாக்டர் அந்தப் பக்கம் போனதும் பெற்றோர் எல்லோரும் ஒன்று கூடினார்கள். யாருடைய பிள்ளை யாருடைய பிள்ளையைக் கெடுத்தது என்று ஆரம்பித்து, அது ஒத்துவராமல், கடைசியில் எல்லோரும் ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். கரி விற்றவன்தான் குற்றவாளி.

"சின்னப் பசங்களுக்குக் கரி விக்கறான் சார் ஒருத்தன்! அதுக்கு டிஸ்கவுண்ட் வேற!" என்று மதிவாணன் தன் போனில் அந்தக் கரிப்பெட்டியின் படத்தைக் காட்டினார். "இதோ பாருங்க, நம்பரே இருக்கு. இவனை உள்ள தள்ளாம விடமாட்டேன்." சொன்ன கையோடு அந்த நம்பரை அழுத்தினார்.

அத்தான் சட்டைப் பையில் போன் அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

"நான்தாங்க" என்றார். "கரி நான்தான் கொடுத்தேன். சன்னலைச் சாத்தச் சொன்னதும் நான்தான். என் பிள்ளையும் உள்ளதான் கெடக்கான்."

அத்தானோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்கு நெஞ்சு வெடித்தது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

வெங்கடேஷ் கண்ணைத் திறந்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும் மாஸ்க்கை விலக்கினான். "அப்பா, நான் ஒரு சிகரெட்கூடத் தொட்டதில்லப்பா. உங்க மேல சத்தியமா. உங்களுக்குப் பிடிக்காதுன்னு இதுவரைக்கும் ஒண்ணுகூட." பொய் சொல்கிற முகம் இல்லை அது. அந்தப் பையன் அப்பாவின் பேச்சைக் காப்பாற்றிவிட்டதாகவே மனசார நம்பிக்கொண்டிருந்தான். அத்தான் மாஸ்க்கை மறுபடி மாட்டிவிட்டு, அவன் தலையைக் கோதிக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலை அத்தான் கடையைத் திறந்து முதல் வேலையாகக் கரிப்பெட்டிகளை அலமாரியிலிருந்து இறக்கச் சொன்னார். சொர்ணம் மறுபேச்சுப் பேசாமல் இறக்கினாள். அந்நேரம் ஒரு பையன் வந்து ஸ்கொயர் சார்க்கோல் கேட்டான். அத்தான் அவனை உட்காரவைத்து, தன் மகன் ஆஸ்பத்திரியில் கிடப்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். அவனும் மரியாதையாகக் கேட்டான். கேட்டபடியே போனில் எதையோ தட்டினான்.

"ஓகே அண்ணாச்சி, பரவால்ல. ஆப்ல போட்டுட்டேன், பத்து நிமிஷத்துல வந்துரும். உங்க பையனுக்குச் சீக்கிரம் சரியாகட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். சொர்ணம் அவன் போன திசையில் ஒரு வண்டி வசவு விட்டாள். அதை இங்கே எழுத முடியாது.

மத்தியானம் பையனை மந்தைவெளி வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அக்கா ரசம் சாதம் பிசைந்து ஊட்டினாள். அத்தான் அவன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். திட்டவில்லை. தன் அப்பா செத்த கதையை முதல்முறையாக அவனிடம் முழுசாகச் சொன்னார். ராத்திரி பூராவும் உட்கார்ந்தபடியே கிடந்தது, ஒரு வாய்க் காற்றுக்கு அல்லாடியது, பேச முடியாமல் கையைக் காட்டிக் காட்டி எதையோ கேட்டது.

"என்னத்தக் கேட்டாருன்னு கடைசிவரைக்கும் எனக்குத் தெரியலல" என்று அத்தான் விம்மினார். "நேத்து உன்னை அப்படிப் பாத்ததும், எனக்கு அந்த மூஞ்சிதான். நீ என்ன கேட்டாலும் தாரேன். புகை மட்டும் வேண்டாம். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்ல."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. வெங்கடேஷும் அழுதான். அப்பாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"ஸாரிப்பா. நீங்க இவ்வளவு பயந்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியல. இனிமே இப்படி நடக்கவே நடக்காதுப்பா, ப்ராமிஸ். நாங்க நாலு பேரும் காலைல குரூப்ல பேசி முடிவு பண்ணிட்டோம். இனிமே ரூமுக்குள்ள வச்சுப் பண்றதே இல்ல. மொட்டை மாடிதான். அங்க நல்லாக் காத்து வரும்."

அக்காவின் கையிலிருந்த சோற்றுக் கவளம் அப்படியே நின்றது. அத்தான் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"மாப்ள, இவன் என்ன சொல்லுதான்?"

அத்தானுக்குக் காது நன்றாகக் கேட்கும்.